பம்பாய்த் துறைமுகத் தீயும் 66 தீயணைப்பு வீரர்களும்

ஏப்ரல் 14 என்றதும் நமக்கு என்ன நினைவுக்கு வரும்? சித்திரை முதல் நாள், தமிழ்ப் புத்தாண்டு. வீட்டில் வடை, பாயசம். டி.வி.யில் சிறப்பு நிகழ்ச்சிகள். அடுத்து, டாக்டர் அம்பேத்கர் பிறந்தநாள்.

இதே நாளுக்கு மூன்றாவதாக ஒரு முக்கியத்துவமும் உண்டு. அது நம்மில் பலருக்குத் தெரியாது. ஏப்ரல் மாதத்தில் பள்ளிக்கூடத்திலோ, ரயில் நிலையத்திலோ, கடைவீதியிலோ காக்கி உடை அணிந்தவர்கள் வந்து, எண்ணெய்ச் சட்டியில் தீப்பிடித்தால் ஈரச் சாக்கை எப்படிப் போட வேண்டும் என்று செய்து காட்டுவார்கள். நாமும் கைதட்டிவிட்டுப் போய்விடுவோம். அதற்குப் பெயர் தீத்தொண்டு வாரம். ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் 14-ல் தொடங்கி 20 வரை நடக்கும். முதல் நாளான 14-ஆம் தேதி, பணியில் உயிர்நீத்த தீயணைப்பு வீரர்களின் நினைவு நாள்.

365 நாட்கள் இருக்கும்போது ஏன் ஏப்ரல் 14-ஐத் தேர்ந்தெடுத்தார்கள்? அதற்கான பதில் 1944-ஆம் ஆண்டு பம்பாயில் இருக்கிறது. அன்று மாலை ஒரே துறைமுகத்தில் 66 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். அவர்கள் எப்படி இறந்தார்கள் என்பதைவிட, ஏன் இறந்தார்கள் என்பதைத் தெரிந்துகொள்வதுதான் இந்த நாளுக்கு நாம் தரும் உண்மையான மரியாதையாக இருக்கும்.

போர்க்காலத்துப் பம்பாய்

1944. இரண்டாம் உலகப் போர் உச்சத்தில் இருந்த நேரம். ஜப்பானியப் படைகள் பர்மாவைப் பிடித்துவிட்டு, இம்பால், கோஹிமா பக்கம் வந்துவிட்டன. அவர்களை எதிர்த்துப் போரிடும் படைகளுக்குத் தேவையான ஆயுதங்களும் மற்ற சரக்குகளும் இங்கிலாந்திலிருந்து கப்பல் கப்பலாக வந்துகொண்டிருந்தன. அவற்றில் பெரும் பங்கு பம்பாயில்தான் இறங்கியது.

பம்பாயின் பிரின்ஸஸ் டாக், விக்டோரியா டாக் ஆகிய இரண்டும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டப்பட்டவை. திறந்த கடலோரம் போல இல்லாமல், சுவர் எழுப்பிக் கதவு போட்ட பெரிய குளம் போன்ற அமைப்பு. கப்பல்கள் கதவு வழியாக உள்ளே வந்து, சரக்கை இறக்கிவிட்டு அதே வழியாக வெளியேற வேண்டும். அவசரத்துக்கு நினைத்த மாத்திரத்தில் ஒரு கப்பலை வெளியே கொண்டுபோய்விட முடியாது. சுற்றிலும் கிடங்குகள். கிடங்குகளைத் தாண்டினால் மக்கள் நெருக்கமாக வாழும் தெருக்கள்.

சாதாரண காலத்தில் வெடிமருந்துக் கப்பல்கள் இப்படி ஊருக்கு நடுவே வந்து நிற்க அனுமதி கிடையாது. தூரத்தில் நங்கூரம் போட்டு, சரக்கைச் சிறு படகுகளில் இறக்க வேண்டும். போர் அவசரத்தில் அந்த விதி தளர்த்தப்பட்டிருந்தது. வெடிமருந்து ஏற்றிய கப்பல் சிவப்புக் கொடி பறக்கவிட வேண்டும் என்ற வழக்கமும் அப்படியே கைவிடப்பட்டிருந்தது. எதிரிக்கு அடையாளம் தெரிந்துவிடக் கூடாது என்ற எண்ணம். ஆனால் அதே காரணத்தால் பக்கத்தில் நிற்கும் கப்பலுக்கும், கரையில் வேலை செய்யும் கூலித் தொழிலாளிக்கும் அது என்ன கப்பல் என்று தெரியாமல் போனது.

அந்தக் கப்பலில் என்ன இருந்தது?

கப்பலின் பெயர் ஃபோர்ட் ஸ்டிகீன். 1942-ல் கனடாவில் கட்டப்பட்டது. மொத்தக் கொள்ளளவு 7,142 டன். 1944 பிப்ரவரி 24-ஆம் தேதி இங்கிலாந்தின் பர்க்கன்ஹெட் துறைமுகத்திலிருந்து புறப்பட்டு, ஜிப்ரால்டர், போர்ட் சயீத், கராச்சி வழியாக ஏப்ரல் 12-ஆம் தேதி பம்பாய் வந்து சேர்ந்தது. விக்டோரியா டாக்கில் முதலாம் எண் மேடையில் நிறுத்தப்பட்டது.

உள்ளே சுமார் 1,395 டன் வெடிபொருட்கள். டார்பிடோக்கள், கண்ணிவெடிகள், பீரங்கிக் குண்டுகள். அவற்றில் 238 டன் மிகச் சுலபமாக வெடிக்கக் கூடிய ரகம். ஸ்பிட்ஃபயர் போர் விமானங்களும் பிரித்துக் கட்டப்பட்ட நிலையில் இருந்தன. இவற்றோடு 31 பெட்டிகளில் 124 தங்கக் கட்டிகள்! ஒவ்வொரு கட்டியும் சுமார் 12.7 கிலோ.

இதெல்லாம் இங்கிலாந்தில் ஏற்றியவை. கராச்சியில் கொஞ்சம் சரக்கு இறக்கியதும் காலியான இடத்தில் புதிய சரக்கு ஏற்றினார்கள். பஞ்சுப் பொதிகள், எண்ணெய் பீப்பாய்கள், மரம், பழைய இரும்பு, கந்தகம், பிசின், மீன் எரு. எளிதில் எரியக் கூடியதும் எளிதில் வெடிக்கக் கூடியதும் ஒரே கப்பலில்! கப்பலின் கேப்டன் அலெக்சாண்டர் நெய்ஸ்மித் இதற்கு எதிர்ப்புத் தெரிவித்தார். பயனில்லை. போர்க்காலத்தில் கப்பலில் ஓர் அடி இடம்கூட வீணாகக் கூடாது என்பதுதான் மேலிடத்தின் நிலை.

அதைவிட மோசமான விஷயம் ஒன்று உண்டு. இரண்டாம் எண் சரக்கறையில் அடியில் பஞ்சுப் பொதிகள், அதற்கு மேல்தளத்தில் வெடிபொருட்கள். அடுப்புக்கு மேல் பட்டாசுப் பெட்டியை வைத்த கதைதான்.

ஏப்ரல் 12 மதியம் கப்பல் வந்து நின்றது. 14 மதியம் வரை வெடிபொருட்கள் இறக்கி முடிக்கப்படவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை மதியம்

ஏப்ரல் 14, வெள்ளிக்கிழமை. மதிய உணவு இடைவேளை. பக்கத்துக் கப்பல்களில் இருந்த சிலர், ஃபோர்ட் ஸ்டிகீனின் காற்றுக் குழாய் வழியாக லேசாகப் புகை வருவதைப் பார்த்தார்கள். அங்கிருப்பவர்களுக்குத் தெரியாமலா இருக்கும் என்று நினைத்து அவர்கள் யாரிடமும் சொல்லவில்லை. அது வெடிமருந்துக் கப்பல் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? கொடிதான் இல்லையே!

சாப்பிட்டுவிட்டுத் திரும்பிய சுமை தூக்கும் தொழிலாளர்கள்தான் இரண்டாம் எண் அறையிலிருந்து புகை வருவதைக் கண்டு கத்திக்கொண்டு மேலே ஓடிவந்தார்கள். மணி இரண்டை நெருங்கிக்கொண்டிருந்தது. கப்பலருகே காவலுக்கு இருந்த தீயணைப்பு வீரர்கள் உடனே குழாய்களை இழுத்துத் தண்ணீர் பாய்ச்சத் தொடங்கினார்கள். பம்பாய் தீயணைப்புப் படைக்குச் செய்தி போனது. ஆனால் அந்த முதல் செய்தியில் வெடிமருந்து என்ற வார்த்தையே இல்லை. துறைமுகத்தில் ஏதோ ஒரு தீ என்று நினைத்துத்தான் முதல் வண்டிகள் கிளம்பின. வந்து பார்த்த பிறகுதான் நிலைமை புரிந்து கூடுதல் வண்டிகளை அழைத்தார்கள். தீயணைப்புப் படகுகளும் சேர்ந்துகொண்டன.

தீ எங்கே இருக்கிறது என்பதே பெரிய கேள்வி. அடர்ந்த புகையில் உள்ளே இறங்க முடியவில்லை. மேலேயிருந்து குத்துமதிப்பாகத் தண்ணீரை ஊற்றினார்கள். 900 டன்னுக்கும் மேல் தண்ணீர் உள்ளே போனது. அப்போதும் தீ அடங்கவில்லை. ஊற்றிய தண்ணீரே கொதிக்க ஆரம்பித்தது.

இங்கே ஒரு விபரீதம் நடந்தது. பஞ்சுப் பொதி தண்ணீரில் மிதக்கும். தண்ணீர் ஏற ஏற, எரிந்துகொண்டிருந்த பொதிகளும் மேலே ஏறின. மேலே இருந்தவை வெடிபொருட்கள். அதாவது, தீயை அணைக்க ஊற்றிய தண்ணீரே தீயை வெடிமருந்தின் பக்கத்தில் கொண்டுபோய்க்கொண்டிருந்தது.

இதற்கிடையே கரையில் ஒரு வாக்குவாதம். சரக்குப் பட்டியலைப் பார்த்த வெடிமருந்துத் துறை அதிகாரி, இது வெடித்தால் துறைமுகமே இருக்காது என்று எச்சரித்தார். கப்பலை அங்கேயே மூழ்கடித்துவிடலாமா? அந்த இடத்தில் ஆழம் போதாது, அடி தட்டினாலும் மேல்பாதி வெளியில்தான் இருக்கும். கடலுக்கு இழுத்துக்கொண்டு போகலாமா? துறைமுக நிர்வாகி அதைத்தான் சொன்னார். ஆனால் கதவைத் தாண்டி வெளியே எடுக்க நேரம் பிடிக்கும், அதுவரை தண்ணீர் பாய்ச்சுவதும் தடைபடும். இப்படியே தண்ணீர் ஊற்றிப் பார்க்கலாமா? ஆளுக்கொரு யோசனை. எல்லோரும் பொறுப்பான பதவியில் இருந்தவர்கள்தான். ஆனால் மற்றவர்களுக்குக் கட்டளையிடும் அதிகாரம் அவர்களில் ஒருவருக்கும் இல்லை. கேப்டன் எந்த முடிவையும் எடுக்க முடியாமல் தவித்தார்.

இந்த விவாதம் நடந்த நேரம் முழுக்கத் தீயணைப்பு வீரர்கள் குழாயைப் பிடித்துக்கொண்டு கப்பல் தளத்தில் நின்றார்கள். காலுக்குக் கீழே இரும்புத் தளம் சுட்டது.

மாலை 4 மணி 6 நிமிடம்

3.50 மணிக்குக் கப்பலை விட்டு எல்லோரும் இறங்கும்படி உத்தரவு வந்தது. கப்பலை விட்டு இறங்கினாலும் தீயணைப்பு வீரர்கள் பலர் துறைமுகத்தை விட்டு ஓடவில்லை. அருகிலேயே நின்று தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார்கள்.

பதினாறு நிமிடங்கள் கழித்து, 4.06-க்குக் கப்பல் வெடித்தது. இரண்டாகப் பிளந்தது. 12 கிலோமீட்டர் தூரத்தில் இருந்த வீடுகளின் கண்ணாடி ஜன்னல்கள் நொறுங்கின. வெகு தொலைவில் இருக்கும் சிம்லாவின் நிலநடுக்கக் கருவியில்கூட அந்த அதிர்வு பதிவானது. ஜலபத்மா என்ற இன்னொரு பெரிய கப்பலைத் தண்ணீரிலிருந்து தூக்கிக் கரையில் இருந்த கிடங்கின் மேல் வீசியது அந்த வெடிப்பு. சுமார் அரை மணி நேரத்தில், அதே கப்பலின் பின்பகுதியில் இருந்த வெடிபொருட்கள் வெடித்தன. இது முதல் வெடிப்பைவிடப் பெரியது.

எரியும் பஞ்சும், பழுக்கக் காய்ந்த இரும்புத் துண்டுகளும் ஊர்மேல் மழையாகப் பெய்தன. சுமார் இரண்டு சதுர கிலோமீட்டர் பரப்பு தீப்பற்றி எரிந்தது. கிடங்குகள், கப்பல்கள், குடிசைகள், கடைகள்... எதுவும் மிஞ்சவில்லை. பத்துக்கும் மேற்பட்ட கப்பல்கள் அழிந்தன. ஒரு மைல் தூரத்தில் இருந்த ஒரு வீட்டின் கூரையைப் பிய்த்துக்கொண்டு ஒரு தங்கக் கட்டி வந்து விழுந்தது. அந்த வீட்டுப் பெரியவர் அதை அப்படியே அதிகாரிகளிடம் ஒப்படைத்தார் என்பது இந்த வரலாற்றில் வரும் ஒரு நல்ல செய்தி.

குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தவர்களில் 66 பேர் இறந்தார்கள். 83 தீயணைப்பு வீரர்கள் காயமடைந்தார்கள். கேப்டன் நெய்ஸ்மித்தும் உயிரிழந்தார். மொத்தத்தில் 700-க்கும் மேற்பட்டோர் இறந்ததாக அதிகாரபூர்வக் கணக்கு. உண்மையான எண்ணிக்கை 1,300 வரை இருக்கலாம் என்று சொல்வோரும் உண்டு. காயமடைந்தவர்கள் சுமார் 2,500 பேர். வீடிழந்தவர்கள் சுமார் 80,000 பேர். வங்காளத்தில் கொடும் பஞ்சம் வந்து ஒரு வருடம்கூட ஆகாத நேரத்தில் 50,000 டன்னுக்கும் மேல் உணவு தானியம் எரிந்துபோனது.

வெடிப்போடு வேலை முடிந்துவிடவில்லை. மிச்சமிருந்த தீயணைப்பு வீரர்கள், சக வீரர்களை அப்போதுதான் இழந்தவர்கள், திரும்பவும் குழாயைக் கையில் எடுத்தார்கள். அவர்களோடு ராணுவத்தினரும், கப்பல் மாலுமிகளும், ஆம்புலன்ஸ் ஊழியர்களும், மருத்துவர்களும், சாதாரணப் பொதுமக்களும் சேர்ந்தார்கள். தீயைக் கட்டுக்குள் கொண்டுவர மூன்று நாட்கள் ஆயின. துறைமுகத்தில் குவிந்த சுமார் ஐந்து லட்சம் டன் இடிபாடுகளை அகற்ற 8,000 பேர் ஏழு மாதங்கள் உழைத்தார்கள்.

இவ்வளவு பெரிய சம்பவம் நடந்தும் செய்தி வெளியே வரவில்லை. போர்க்காலத் தணிக்கை. இங்கே பத்திரிகைகள் வாய் திறக்க முடியாத நிலையில், ஜப்பானியர் கட்டுப்பாட்டில் இருந்த சைகோன் வானொலி மறுநாளே விவரமாகச் சொல்லிவிட்டது. சொந்த ஊரில் செத்தவர்களைப் பற்றி எதிரியின் வானொலியில் கேட்க வேண்டிய நிலை!

ஏன் 66 பேர்?

தீ எப்படிப் பிடித்தது? யாரோ கவனக்குறைவாக எறிந்த சிகரெட் துண்டு பஞ்சில் விழுந்திருக்கலாம் என்பதுதான் பரவலான கருத்து. பிறகு விசாரணை நடந்தது. அரசாங்கம் பொறுப்பேற்று இழப்பீடும் கொடுத்தது.

ஆனால் ஒரு சிகரெட் துண்டு மட்டுமா 66 வீரர்களைக் கொன்றது? நடந்ததைத் திரும்ப ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

பஞ்சையும் வெடிமருந்தையும் ஒரே அறையில் ஏற்றினார்கள். ஆபத்தைக் காட்டும் கொடி பறக்கவில்லை. புகையை முதலில் பார்த்தவர்கள் சொல்லவில்லை. முதல் அழைப்பில் முழுத் தகவல் போகவில்லை. இறுதி முடிவை எடுக்கும் அதிகாரம் யாருக்கும் இல்லை.

இந்த ஐந்தில் ஒன்றுகூடத் தீயணைப்பு வீரர்களின் தவறு இல்லை! அவர்களிடம் வீரம் இருந்தது, உழைப்பு இருந்தது, தண்ணீரும் இருந்தது. சரியான நேரத்தில் சரியான தகவல் மட்டும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. மற்றவர்கள் செய்த தவறுகளுக்கெல்லாம் சேர்த்துக் கடைசியில் அவர்கள் உயிரைக் கொடுத்தார்கள்.

அதே தவறு, வேறு ஊர்கள்

உலகம் இதிலிருந்து பாடம் கற்றதா? மூன்றே வருடங்கள் கழித்து, 1947 ஏப்ரல் 16-ஆம் தேதி, அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி துறைமுகத்தில் கிராண்ட்கேம்ப் என்ற கப்பலில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தது உரம் என்றே எல்லோரும் நினைத்தார்கள். உரம்தான், ஆனால் அம்மோனியம் நைட்ரேட். சூடேறினால் வெடிக்கக் கூடியது. புகை வித்தியாசமான ஆரஞ்சு நிறத்தில் இருந்ததால் ஊர்மக்கள் வேடிக்கை பார்க்கக் கூடினார்கள். கப்பல் வெடித்தபோது 500-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த ஊர்த் தீயணைப்புப் படையில் இருந்த 28 பேரில் 27 பேர் அதில் அடக்கம். ஓர் ஊரின் தீயணைப்புப் படையே ஒரு காலையில் இல்லாமல் போனது!

2015 ஆகஸ்ட் 12, சீனாவின் தியான்ஜின். ரசாயனக் கிடங்கில் தீ. உள்ளே என்னென்ன ரசாயனங்கள் இருக்கின்றன என்ற தெளிவான தகவல் இல்லாமல் வீரர்கள் போனார்கள். இறந்த, காணாமல் போன 173 பேரில் 100-க்கும் மேற்பட்டோர் தீயணைப்பு வீரர்கள்.

2020 ஆகஸ்ட் 4, லெபனானின் பெய்ரூட் துறைமுகம். கிடங்கில் தீ என்று அழைப்பு வந்தது. பத்துப் பேர் கொண்ட குழு போனது. அந்தக் கிடங்கில் பல வருடங்களாக 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் கிடந்தது என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. பத்துப் பேரும் திரும்பவில்லை. அவர்களில் முதலுதவி செய்யப் போன ஓர் இளம் பெண்ணும் ஒருவர்.

1944, 1947, 2015, 2020. ஊர் வேறு, மொழி வேறு, காலம் வேறு. ஆனால் காரணம் ஒன்றே. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தவர்கள், உள்ளே போகிறவர்களிடம் சொல்லவில்லை.

லாரியின் பின்னால் இருக்கும் எண்

நல்ல மாற்றங்களும் வராமல் இல்லை. நெடுஞ்சாலையில் பெட்ரோல் டேங்கர் லாரிகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றின் பக்கவாட்டிலும் பின்னாலும் ஒரு கட்டம் போட்ட பலகை இருக்கும். அதில் நான்கு இலக்க எண் ஒன்று எழுதியிருக்கும். 1203 என்றால் பெட்ரோல். 1075 என்றால் எல்.பி.ஜி. எரிவாயு. இவை ஐ.நா. நிபுணர் குழு வகுத்த எண்கள். உலகம் முழுக்க ஒன்றுதான். இந்தியாவில் 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், ஆபத்தான சரக்கு ஏற்றும் வண்டிகளில் இந்தத் தகவல் பலகையைக் கட்டாயமாக்கியிருக்கின்றன.

அந்தப் பலகை யாருக்காக? வண்டி கவிழ்ந்தால் முதலில் ஓடிவரும் தீயணைப்பு வீரருக்காக. தண்ணீர் ஊற்றலாமா, நுரை அடிக்க வேண்டுமா, எவ்வளவு தூரத்துக்கு மக்களை அப்புறப்படுத்த வேண்டும் என்று அவர் முடிவெடுக்க அந்த எண் போதும். பம்பாயில் பறக்காத சிவப்புக் கொடியின் வேலையை இன்று இந்தப் பலகை செய்கிறது.

இந்தியாவில் சுதந்திரத்துக்குப் பிறகு தீயணைப்புப் பணியைச் சீரமைக்க வேறு முயற்சிகளும் நடந்தன. 1955-ல் மத்திய அரசு ஒரு நிலையான ஆலோசனைக் குழுவை அமைத்தது. 1956-ல் ராம்பூரில் தேசியத் தீயணைப்புப் பணிக் கல்லூரி தொடங்கி, அடுத்த வருடம் நாக்பூருக்கு மாறியது. 66 வீரர்களின் நினைவுச் சின்னம் மும்பை பைகுல்லாவில் உள்ள தீயணைப்புப் படைத் தலைமையகத்தில் இருக்கிறது. தீத்தொண்டு வாரத்தில் சின்னச் சின்னக் கொடிகளை மக்களின் சட்டையில் குத்தி நன்கொடை திரட்டும் வழக்கமும் உண்டு. அந்தப் பணம் பணியில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கும் காயமடைந்தவர்களுக்கும் உதவுவதற்காகத் திரட்டப்படுவது.

நம் ஊரில்...

பம்பாய் எங்கோ இருக்கிறது, கப்பலும் வெடிமருந்தும் நம் தெருவுக்கு வரப்போவதில்லை என்று நினைக்கிறோமா?

சென்னையில் 1908-லேயே தீயணைப்புப் படை தொடங்கிவிட்டது. இன்று தமிழ்நாடு தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை தீயை மட்டும் அணைப்பதில்லை. கிணற்றில் விழுந்த மாட்டைத் தூக்குவது, வீட்டுக்குள் புகுந்த பாம்பைப் பிடிப்பது, வெள்ளத்தில் சிக்கியவர்களைப் படகில் கொண்டுவருவது, சாலையில் விழுந்த மரத்தை அறுப்பது என எல்லாம் அவர்கள் தலையில்தான். 2003-ல் இந்தத் துறையில் பெண்கள் அதிகாரிகளாகச் சேர்ந்தார்கள். 2012 ஜனவரியில் சென்னை எழிலக வளாகத்தில் இருந்த பழைய கட்டடமான கலச மகாலில் தீப்பிடித்தபோது, அப்படிச் சேர்ந்தவர்களில் ஒருவரான பிரியா ரவிச்சந்திரன் உள்ளே போய்ப் பலத்த தீக்காயம் அடைந்தார். அதே தீயில் ஒரு வீரர் உயிரிழந்தார்.

2017 ஜூலை, சென்னை கொடுங்கையூர். இரவில் ஒரு கடையில் தீ. தீயணைப்பு வீரர்கள் வந்தார்கள். வேடிக்கை பார்க்கக் கூட்டமும் வந்தது. உள்ளே இருந்த எரிவாயு சிலிண்டர் வெடித்தது. ஒரு வீரர் இறந்தார். சுற்றி நின்ற மக்களில் பலர் தீக்காயமடைந்தார்கள், சிலர் பின்னர் இறந்துபோனார்கள். டெக்சாஸ் சிட்டியில் நடந்தது சின்ன அளவில் நம் தெருவில் நடந்தது.

2020 நவம்பர் 14, தீபாவளி நாள். மதுரையில் ஒரு பழைய கட்டடத்தில் இருந்த ஜவுளிக்கடையில் தீப்பிடித்தது. ஊரே பட்டாசும் பலகாரமுமாக இருந்தபோது அங்கே போனவர்கள்மேல் கட்டடம் இடிந்து விழுந்தது. இரண்டு வீரர்கள் இறந்தார்கள்.

பாராட்டு என்பது எது?

ஒவ்வொரு சம்பவத்துக்குப் பிறகும் நாம் அவர்களை வீரர்கள் என்கிறோம், தியாகிகள் என்கிறோம். மாலை போடுகிறோம், மெழுகுவர்த்தி ஏற்றுகிறோம். அதெல்லாம் வேண்டியதுதான். அவர்கள் குடும்பத்துக்கு அது ஆறுதல். ஆனால் உயிரோடு இருக்கும் வீரருக்கு அது போதாது. அவருக்கு வேண்டியது, வேலை முடிந்து வீட்டுக்குத் திரும்புவது.

அதற்கு நாம் செய்யக் கூடியவை மிகவும் எளிமையானவை. பம்பாயில் என்னவெல்லாம் நடக்கவில்லையோ, அதைச் செய்தால் போதும்.

புகையைப் பார்த்தால், வேறு யாராவது சொல்லியிருப்பார்கள் என்று நினைக்காமல் உடனே 101 அல்லது 112-ஐ அழைப்பது. இரண்டு பேர் அழைத்தால் நஷ்டமில்லை, யாருமே அழைக்காவிட்டால்தான் நஷ்டம்.

தீ என்று மட்டும் சொல்லாமல், எங்கே, எந்த மாடி, உள்ளே ஆள் இருக்கிறார்களா, சிலிண்டர் எத்தனை, டீசல் ஜெனரேட்டர் இருக்கிறதா, ரசாயனம் ஏதாவது இருக்கிறதா என்று தெரிந்ததைச் சொல்வது. டேங்கர் லாரி என்றால், தூரத்தில் நின்றபடி அந்த நான்கு இலக்க எண் கண்ணுக்குத் தெரிந்தால் அதையும் சொல்வது. நம் கல்லூரி ஆய்வகத்தில் எந்த அலமாரியில் என்ன இருக்கிறது என்ற பட்டியல் கதவுக்கு வெளியே ஒட்டப்பட்டிருக்கிறதா என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.

வேடிக்கை பார்க்கக் கூடாமல் இருப்பது. செல்போனில் படம் எடுக்க முன்னால் நிற்கும் ஒவ்வொருவரும் அந்த வீரர் காப்பாற்ற வேண்டிய இன்னொரு உயிர்.

வழிவிடுவது. தீயணைப்பு வண்டிக்கும் 108 ஆம்புலன்ஸுக்கும் சாலையில் மட்டுமல்ல, தெருமுனையிலும் வழி வேண்டும். குறுக்கே நிறுத்திய ஒரு பைக், அவசர வழியில் அடுக்கிய பழைய மேசை நாற்காலிகள், பூட்டி வைத்த மாடிக் கதவு... இவையெல்லாம் சேர்ந்துதான் ஒரு சின்னத் தீயைப் பெரிய தீயாக்குகின்றன.

இதற்கெல்லாம் பணம் வேண்டாம், பதவி வேண்டாம். தெரிந்ததைச் சொல்லும் பழக்கம் மட்டும் வேண்டும்.

1944 ஏப்ரல் 14 அன்று, புகையைப் பார்த்த ஒருவர் உடனே கீழே இறங்கி வந்து கேட்டிருந்தால் தீ பஞ்சோடு அடங்கியிருக்கலாம். ஒரு சிவப்புக் கொடி பறந்திருந்தால் முதல் அழைப்பிலேயே எல்லா வண்டிகளும் வந்திருக்கலாம். அந்த 66 பேரும் அன்று இரவு தங்கள் வீட்டில் சாப்பிட்டிருக்கலாம்.

அடுத்த ஏப்ரல் 14-ல் புத்தாண்டு வாழ்த்துச் சொல்லும்போது, அவர்களையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்வோம். அப்படியே நம் வீட்டு மாடிப்படியில் வழியை அடைத்துக்கொண்டு என்ன கிடக்கிறது என்றும் ஒரு பார்வை பார்த்துவிடுவோம்.